முகமூடி கைமாறும்போது: நீண்டநாள் காமிக்ஸ் நாயகனுக்கு வாரிசு கொண்டுவருவோருக்கு ஒரு வழிகாட்டி

ஒன்பது வருடம் ஒரே நாயகனை வைத்து ஒரு சிறிய காமிக்ஸ் இதழ் நடத்தினோம். கதை நான், ஓவியம் நண்பர். பிறகு அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். கதையில் நாயகனுக்கும் வயதாகியிருந்தது. அவரிடம் பயிற்சி பெற்ற பெண்ணே முகமூடியை எடுத்துக்கொள்ளட்டும் என்று முடிவு செய்தோம். மூன்று மாத வேலை என்று நினைத்தேன். பத்தொன்பது மாதம் ஆனது. கதை எழுதியதும் வரைந்ததும் ஐந்து மாதம்கூட இருக்காது. மீதி முழுக்கப் பழைய ரசீது தேடுவது, கையெழுத்துக்குக் காத்திருப்பது, தப்பான படிவத்தைத் திருத்துவது, கோபமான சந்தாதாரர்களுக்குப் பதில் எழுதுவது என்றே போனது.

நீங்களும் இந்த இடத்துக்கு வந்திருந்தால், கீழே சொல்லும் வரிசையிலேயே போங்கள். வரிசை மாறினால்தான் பணமும் காலமும் வீணாகும். நான் கடைசியில் செய்ததை எல்லாம் இங்கே முதலில் வைத்திருக்கிறேன்.

1. நாயகன் யாருக்குச் சொந்தம் என்று பாருங்கள்

கதையைத் தொடாதீர்கள். முதலில் அலமாரியைத் திறங்கள்.

"நம்ம இதழ், நம்ம நாயகன்" என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் அப்படிச் சொல்வதில்லை. எழுதியவருக்கு எழுத்தும், வரைந்தவருக்குப் படமும் சொந்தம். சம்பளத்துக்கு வேலை பார்த்தவர் வரைந்தால் முதலாளிக்குச் சொந்தம் என்று 17ஆம் பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. ஆனால் இதழ் நிறுவனத்தின் ஊழியர் அந்த இதழுக்காக வரைந்திருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், இதழில் வெளியிடும் உரிமை மட்டும்தான் நிறுவனத்துக்கு. மற்றவை ஊழியரிடமே இருக்கும். பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு வீட்டிலிருந்து வரைந்து கொடுத்தவர் ஊழியரே அல்ல. நம்மில் பெரும்பாலோர் அப்படித்தான் வேலை செய்கிறோம்.

எங்கள் கோப்பில் இருந்த வவுச்சர் ஒன்றை அப்படியே சொல்கிறேன். "அத்தியாயம் 14, 22 பக்கம், பக்கத்துக்கு ரூ.300, மொத்தம் ரூ.6,600 பெற்றுக்கொண்டேன்." கீழே ரெவின்யூ ஸ்டாம்ப், அதன்மேல் குறுக்கே கையெழுத்து. இதைக் கையில் வைத்துக்கொண்டுதான் உரிமை எங்களுடையது என்று ஒன்பது வருடம் நம்பியிருந்தோம். வக்கீல் அதைப் பார்த்துவிட்டு, "இது பணம் கொடுத்ததற்கு ஆதாரம். வேறு எதற்கும் ஆதாரம் இல்லை" என்றார். உரிமை என்ற சொல்லே அதில் இல்லை.

பலர் விழும் பள்ளம் ஒன்று உண்டு. "புது நாயகி புதியவள்தானே, பழைய ஓவியரிடம் ஏன் கேட்க வேண்டும்?" அவள் அணியப்போவது அவர் வரைந்த முகமூடி. மார்பில் இருப்பது அவர் வரைந்த சின்னம். அட்டையில் வரும் தலைப்பெழுத்தும் அவர் கை. முகம் மட்டும்தான் புதிது. வாரிசு என்ற சொல்லுக்கே பழையதிலிருந்து எடுத்துக்கொள்வது என்றுதான் பொருள். எடுத்துக்கொள்ள அனுமதி வேண்டும்.

அதனால் ஒரு தாளில் இவற்றைத் தனித்தனியாக எழுதுங்கள்: நாயகனின் பெயர், முகமூடியும் உடையும், சின்னம், தலைப்பெழுத்து, கதைகள், பக்கங்கள், துணைப் பாத்திரங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே உருவாக்கியவர் யார், எழுத்தில் என்ன இருக்கிறது என்று குறியுங்கள். எங்கள் தாளில் 31 வரி வந்தது. அதில் 26 வரிக்கு எதிரே ஒன்றும் இல்லை.

2. உரிமையை எழுதி வாங்குங்கள்

வாய்ச்சொல் போதாது. வாட்ஸ்அப்பில் "சரிப்பா, செய்துக்கோ" என்று வந்ததும் போதாது. உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும், தருபவர் கையெழுத்திட வேண்டும். 19ஆம் பிரிவு கேட்பவை: எந்தப் படைப்பு, என்னென்ன உரிமை, எத்தனை காலம், எந்தெந்த நாடு, எவ்வளவு தொகை அல்லது ராயல்டி.

இதில் மூன்று கண்ணிகள் இருக்கின்றன. காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்றே கொள்ளப்படும். நாடு குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். சிங்கப்பூரிலோ இலங்கையிலோ நூறு பிரதி விற்க நினைப்பவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். மூன்றாவதுதான் மோசமானது. வாங்கிய உரிமையை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் அது கைவிட்டுப் போகும், ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தாலொழிய. நம் வேலைதான் எப்போதும் இழுக்குமே. அதனால் "ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டாலும் இந்த உரிமை நீடிக்கும்" என்ற வரியை மறக்காமல் சேர்க்கச் சொல்லுங்கள்.

வாரிசுக் கதைக்கென்று இன்னும் இரண்டு வரி தேவை. ஒன்று, "மேற்படி பாத்திரத்தின் பெயர், உடை, சின்னம் ஆகியவற்றை வேறொரு பாத்திரம் ஏற்பதாகக் கதை அமைக்கவும், உருவத்தை மாற்றி வரையவும் உரிமை உண்டு." இன்னொன்று, பழைய நாயகனைக் கதையில் கொல்லலாமா, மறுபடி கொண்டுவரலாமா, யார் முடிவு செய்வது என்பது. நண்பர்களுக்குள் இதைப் பேசக் கூச்சமாக இருக்கும். கூச்சத்தோடேயே பேசிவிடுங்கள்.

உரிமையை முழுக்க வாங்கிவிட்டாலும் 57ஆம் பிரிவு தரும் உரிமைகள் படைத்தவரிடமே இருக்கும். "இதைப் படைத்தவன் நான்" என்று சொல்லும் உரிமையும், தன் பெயருக்குக் களங்கம் வரும்படி படைப்பைச் சிதைத்தால் எதிர்க்கும் உரிமையும் விற்றுத் தீராதவை. எனவே புது இதழிலும் "நாயகன் உருவாக்கம்: இன்னார்" என்ற வரி போக வேண்டும். சட்டம் இல்லாவிட்டாலும் போட வேண்டிய வரிதான் அது.

இந்தக் காகிதம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் மார்வெல்மேன் போதும். 1954இல் மிக் ஆங்க்லோ உருவாக்கிய நாயகன். 1963வரை ஓடி நின்றான். 1982இல் வாரியர் என்ற இதழ் அவனை மறுபடி கொண்டுவந்தது. கதை பெரும் புகழ் பெற்றது. ஆனால் அவன் உண்மையில் யாருடைய சொத்து என்ற கேள்வி பல வருடம் தீராமல் கிடந்து, கதையே பாதியில் நின்றது. 2009இல் அமெரிக்காவின் மார்வெல் காமிக்ஸ் நிறுவனம் ஆங்க்லோவிடமிருந்து உரிமை வாங்கிய பிறகுதான் வழி பிறந்தது.

இந்தப் படிக்கு எங்களுக்கு ஏழு மாதம் ஆனது. ஓவியர் வெளியூரில் இருந்ததால் வரைவு போய்வரவே காலம் பிடித்தது. நீங்கள் மூன்று மாதமாவது ஒதுக்குங்கள். பதிப்புரிமை ஒப்பந்தம் எழுதிப் பழகிய வக்கீலாகப் பாருங்கள். வீட்டுப் பத்திரம் எழுதுபவரிடம் போனால் வீட்டுப் பத்திரம்தான் கிடைக்கும். எங்களுக்கு முதலில் கிடைத்த வரைவில் "நான்கு எல்லைகள்" என்ற தலைப்பே இருந்தது.

3. பெயரைப் பதியுங்கள், அதுவும் பட்டப்பெயரை

படத்துக்குப் பதிப்புரிமை. பெயருக்கு அது உதவாது, வணிகக்குறிதான் (டிரேட்மார்க்) வேண்டும். வாரிசுக் கதையில் உங்கள் முழு முதலீடும் பெயரில்தான் இருக்கிறது. ஆள் மாறுகிறார், பெயர் நிற்கிறது.

இதற்கு நான் திரும்பத் திரும்பப் பார்த்த உதாரணம் கேப்டன் மார்வெல். 1940இல் ஃபாசெட் நிறுவனம் கொண்டுவந்த நாயகன் அவர். சூப்பர்மேனைப் போல இருக்கிறார் என்ற வழக்கு இழுத்து, 1953இல் ஃபாசெட் வெளியீட்டை நிறுத்தியது. பெயர் சும்மா கிடந்தது. 1967இல் மார்வெல் நிறுவனம் அதே பெயரில் வேறொரு நாயகனைக் கொண்டுவந்தது. 1973இல் டிசி நிறுவனம் பழைய நாயகனை மறுபடி வெளியிட்டபோது, அவருடைய சொந்தப் பெயரை இதழின் தலைப்பாக வைக்க முடியவில்லை. அவருடைய மந்திரச் சொல்லான 'ஷாஜாம்!' என்பதைத்தான் வைத்தார்கள். மார்வெலோ பெயரை விடவே இல்லை. அவர்களுடைய நாயகன் மார்-வெல் 1982இல் புற்றுநோயால் இறந்தார். அதே வருடம் மோனிகா ராம்போ என்ற பெண் அந்தப் பெயரை ஏற்றார். பிறகு மார்-வெல்லின் பிள்ளைகள். 2012இல் கரோல் டான்வர்ஸ். ஆள் மாறிக்கொண்டே இருந்தாலும் பெயர் புழக்கத்தில் இருந்தது.

நம் ஊரிலும் விதி கிட்டத்தட்ட அதுதான். பதிந்த பெயரை ஐந்து வருடமும் மூன்று மாதமும் பயன்படுத்தாமல் விட்டால், அதை நீக்கக் கோரி வேறொருவர் மனுப் போடலாம். "கொஞ்ச நாள் இடைவெளி விட்டு வாரிசைக் கொண்டுவருவோம்" என்று நினைப்பவர்கள் இதை மனதில் வையுங்கள்.

செய்ய வேண்டியது இது. வணிகக்குறிகளைப் பதியும் அரசு அலுவலகத்தின் ஐபி இந்தியா தளத்தில் பெயரை இலவசமாகத் தேடலாம். தமிழ் எழுத்து, ஆங்கில எழுத்து இரண்டிலும், அதே ஒலி வரும் வேறு எழுத்துக்கூட்டலிலும் தேடுங்கள். பிறகு டிஎம்-ஏ என்ற விண்ணப்பப் படிவம். எந்தப் பொருளுக்குப் பெயர் வேண்டும் என்பதை எண்ணிட்ட வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம் என்றால் இணையம் வழியாக ஒரு வகுப்புக்கு ரூ.4,500. மற்றவர்களுக்கு ரூ.9,000. சிறு நிறுவனம் என்ற சலுகைக்கு உத்யம் சான்றிதழ் (சிறு தொழில் பதிவு) வேண்டும். அச்சிட்ட இதழுக்கு 16ஆம் வகுப்பு. மின்நூலாகத் தரவிறக்கம் செய்ய விடுவதானால் 9. பதிப்பு, பொழுதுபோக்குச் சேவைக்கு 41. டிஷர்ட் 25, பொம்மை 28. கையில் காசு குறைவென்றால் 16ஐயும் 9ஐயும் முதலில் போடுங்கள். பொம்மை செய்யும் நாள் வரும்போது பொம்மையைப் பதியலாம். கட்டணம் மாறக்கூடியது, போடும் நாளில் தளத்தில் ஒருமுறை சரிபாருங்கள்.

நாங்கள் தவறியது இங்கேதான். ஏஜென்ட் எங்களிடம் கேட்காமலேயே, பழைய நாயகனின் இயற்பெயரும் பட்டப்பெயரும் சேர்ந்த முழுத் தலைப்பைப் பதியப் போட்டுவிட்டார். வாரிசு வந்தால் இயற்பெயர் போய்விடும். அந்தத் தலைப்பை இனி நாங்கள் பயன்படுத்தவே போவதில்லை. மறுபடி முதலிலிருந்து, மறுபடி கட்டணம். நீங்கள் முகமூடியின் பெயரை மட்டும், வெறும் எழுத்தாகப் பதியுங்கள். சின்னத்தைத் தனி விண்ணப்பமாக வையுங்கள்.

முன்பிருந்தே பயன்படுத்துகிறோம் என்று காட்ட உறுதிமொழிப் பத்திரமும் ஆதாரமும் கேட்பார்கள். முதல் இதழின் அட்டை, அச்சக பில், புத்தகக் கண்காட்சி ரசீது, தேதி தெரியும் விளம்பரம் எல்லாம் உதவும். ஆட்சேபம் எழுப்பி ஆய்வறிக்கை வந்தால் ஒரு மாதத்துக்குள் பதில் போக வேண்டும். மின்னஞ்சலைப் பார்க்காமல் விட்டு இதில் தவறியவர்கள் நிறைய. ஏற்றுக்கொண்ட பிறகு வணிகக்குறி அலுவலகத்தின் இதழில் வெளியிட்டு, யாராவது எதிர்க்கிறார்களா என்று நான்கு மாதம் பார்ப்பார்கள். தடை ஒன்றும் வராவிட்டாலும் மொத்தம் ஒரு வருடம் என்று கணக்கு வையுங்கள். பதிவு பத்து வருடத்துக்கு, பிறகு புதுப்பிக்க வேண்டும். பதிவு கிடைக்கும்வரை வட்டத்துக்குள் ஆர் குறியை அட்டையில் போடாதீர்கள், அது குற்றம். டிஎம் என்று போடலாம்.

பதிப்புரிமைப் பதிவு கட்டாயமில்லை. ஆனால் முகமூடியும் சின்னமும் உள்ள ஓவியத்தையாவது பதிந்துவிடுங்கள். படிவம் 14, ஒரு படைப்புக்கு ரூ.500. பொருட்களின்மேல் பயன்படக்கூடிய ஓவியம் என்றால் ரூ.2,000, அதோடு வணிகக்குறி அலுவலகத்திலிருந்து தேடல் சான்றிதழும் வேண்டும். அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. ஆட்சேபத்துக்கு 30 நாள் காத்திருப்பு.

4. வாரிசை முன்பே கதைக்குள் விடுங்கள்

விண்ணப்பம் ஓடும் அந்த ஒரு வருடம்தான் உங்களுக்குக் கதை செய்யக் கிடைக்கும் காலம். அதை வீணாக்காதீர்கள்.

அதிவேகமாக ஓடும் நாயகனான ஃபிளாஷின் கதைகளில் பாரி ஆலனின் இடத்துக்கு வந்த வாலி வெஸ்ட், 1959இலேயே கிட் ஃபிளாஷாக வாசகர்களுக்கு அறிமுகமானவன். பாரி இறந்தது 1985இல். இருபத்தாறு வருடம் அவனைப் பார்த்துப் பார்த்துப் பழகியிருந்தார்கள். சிறுவனாகத் தெரிந்தவன் பெரியவனாகி அந்த இடத்தில் நிற்கும்போது, "இவன் யார்?" என்று யாரும் கேட்கவில்லை.

நமக்கு அத்தனை வருடம் கிடையாது. மாத இதழ் என்றால் ஆறு இதழ், காலாண்டிதழ் என்றால் நான்கு இதழ் போதும். அதற்குள் வாசகர் மூன்று காட்சிகளைப் பார்த்திருக்க வேண்டும். நாயகன் இவளை நம்பி ஒரு வேலையைக் கொடுப்பது. இவள் அதில் ஒரு தவறு செய்து, அதன் வலியைத் தாங்குவது. நாயகன் பக்கத்தில் இல்லாதபோது இவளாக ஒரு முடிவு எடுப்பது. மூன்றாவது காட்சி இல்லாமல் முகமூடியைக் கொடுத்தால், கொடுத்த பிறகும் அவள் உதவியாளாகவே தெரிவாள்.

வாரிசு வரப்போவதை இந்த இதழ்களில் அறிவிக்காதீர்கள். வாசகர்களே மோப்பம் பிடிக்கட்டும். எங்களுக்கு வந்த ஒரு போஸ்ட் கார்டில் எட்டாம் வகுப்புப் பையன், "அக்காவுக்கு எப்போ முகமூடி?" என்று ஒரே வரி எழுதியிருந்தான். அதைப் படித்த அன்றுதான் தேதி குறித்தோம்.

5. பழையவரை மரியாதையோடு அனுப்புங்கள்

ஒன்பது வருடம் உங்களுக்குச் சோறு போட்டவர் அவர். புதியவள் பெரியவளாகத் தெரிய வேண்டும் என்பதற்காக அவரைச் சிறியவராக்காதீர்கள்.

1994இல், சக்தி மோதிரம் அணியும் நாயகனான கிரீன் லாண்டர்ன் கதையில் செய்ததைப் பாருங்கள். 48, 49, 50 என்று மூன்றே இதழ்கள். முப்பது வருடத்துக்கு மேல் நேர்மையின் வடிவமாக இருந்த ஹால் ஜோர்டான், தன் ஊர் அழிந்த துயரத்தில் நிலைகுலைந்து, கூட இருந்த கிலோவாக்கையே கொல்கிறார். மோதிரம் கைல் ரெய்னர் என்ற இளைஞனுக்குப் போகிறது. வாசகர்கள் கொதித்தார்கள். ஹாலைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி ஓர் இயக்கமே தொடங்கினார்கள். கைல் நல்ல பாத்திரம், எனக்குப் பிடித்த பாத்திரம். ஆனால் முந்தையவருக்குச் செய்த அநியாயத்தின் கணக்கு வருடக்கணக்கில் அவன் தலையில் விழுந்தது. 2004இல் தொடங்கிய தொடரில் ஹாலை மீட்டுக் கொண்டுவந்தார்கள்.

பாரியின் மரணம் வேறு மாதிரி. உலகத்தைக் காக்க ஓடி, ஓட்டத்திலேயே கரைந்து போகிறார். அந்தத் துக்கத்தை வாசகரும் வாலியும் சேர்ந்து சுமந்தார்கள். வாசகரும் வாரிசும் ஒரே பக்கம் நின்று அழ வேண்டும். அதுதான் நல்ல வழியனுப்புதல்.

கொல்லத்தான் வேண்டுமா? என் அனுபவத்தில் வேண்டாம். மார்வெலில் மைல்ஸ் மொரால்ஸ் 2011இல் ஸ்பைடர்மேன் ஆனபோது இறந்தது, தனி உலகில் நடக்கும் அல்டிமேட் கதை வரிசையின் பீட்டர் பார்க்கர்தான். முதன்மை வரிசையின் பீட்டர் அப்படியே இருந்தார். இன்று இருவருமே ஸ்பைடர்மேன், இருவருக்கும் வாசகர் உண்டு. நாங்கள் எங்கள் நாயகனை ஊர் திரும்ப வைத்தோம். பழைய வாசகர்களுக்காக வருடத்துக்கு ஒரு கதையில் வருகிறார். ஆனால் ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறோம்: அவர் வரும் கதையில் சண்டையை முடிப்பது அவராக இருக்கக் கூடாது.

6. முகமூடி கைமாறும் இதழ்

மார்வெல்மேனை மறுபடி எடுத்துக்கொள்கிறேன். இந்த வேலையை அவ்வளவு அவசரத்தில், அவ்வளவு சுத்தமாகச் செய்தவர்கள் வேறு யாரும் இல்லை. இங்கிலாந்தில் எல். மில்லர் நிறுவனம் கேப்டன் மார்வெல் கதைகளை மறுபதிப்புச் செய்து நன்றாக விற்றுக்கொண்டிருந்தது. அமெரிக்காவில் ஃபாசெட் நிறுத்தியதும் இவர்களுக்குச் சரக்கு இல்லை. நாயகனே இல்லாமல் இதழை எப்படி நடத்துவது? ஆங்க்லோவைக் கூப்பிட்டார்கள். அவர் தொடர்ச்சி தெரியும்படி, ஆனால் வேறாக, ஒன்றைச் செய்தார். கேப்டன் மார்வெலாக மாறும் சிறுவன் பில்லி பேட்சனுக்குப் பதில் மிக்கி மோரன். மந்திரச் சொல் 'ஷாஜாம்' இருந்த இடத்தில் 'கிமோடா'. சிவப்பு உடை இருந்த இடத்தில் நீலம். இளைய நாயகனுக்கும் அதேபோல் ஒரு மாற்று. மாற்றம் வரப்போவதை வாசகர்களுக்கு முன்பே சொல்லிவிட்டார்கள். 1954 பிப்ரவரியில் வந்த முதல் மார்வெல்மேன் இதழின் எண் 1 அல்ல, 25. கேப்டன் மார்வெல் 24இல் நின்ற இடத்திலிருந்து எண்ணைத் தொடர்ந்தார்கள்.

எண்ணைத் தொடருங்கள் என்பதே என் ஆலோசனையும். புது 1ஆம் இதழ் கடையில் கொஞ்சம் கூடுதலாக விற்கும் என்பது உண்மைதான். ஆனால் சந்தாதாரர் கணக்குக் குழம்பும், நூலகத்தில் தனி இதழாகப் பதிவார்கள். இதழின் பெயரே நாயகனின் பெயராக இருந்து, பதிவு பெற்ற பருவ இதழாகவும் இருந்தால், தலைப்பை மாற்றுவதற்கு, பருவ இதழ்களைப் பதியும் அரசின் பிரஸ் சேவா தளத்தில் தனி வேலை இருக்கிறது. பட்டப்பெயர் மாறாமல் ஆள் மட்டும் மாறினால் அந்தத் தொல்லையே இல்லை. புத்தகமாக வெளியிடுபவர்களுக்கு ஒவ்வொரு நூலுக்கும் ஐஎஸ்பிஎன் என்ற அடையாள எண் தனி. இந்தியாவில் அதற்குக் கட்டணமில்லை. விண்ணப்பத்தைக் கடைசி வாரத்துக்கு வைக்காதீர்கள்.

வாசகரின் மனக்குறையைக் கதைக்குள்ளேயே யாராவது சொல்லிவிடட்டும். மைல்ஸ் முதலில் தோன்றும் கதையில், இறந்துபோன ஸ்பைடர்மேனின் உடைபோலவே ஒன்றை மாட்டிக்கொண்டு வருகிறான். பார்ப்பவர்கள், இது நன்றாகவே இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்கிறார்கள். வாசகர் சொல்ல நினைத்ததை அவர்கள் சொல்லிவிட்டதால், அடுத்த பக்கத்துக்கு வாசகர் இறுக்கம் குறைந்தே போகிறார்.

7. வாரிசின் முதல் கதைகள்

முதல் ஆறு கதைகளில் பழைய வில்லனைத் தொடாதீர்கள். ஒப்பீடுதான் மிஞ்சும். வாரிசுக்கென்று ஒரு தேவை, ஒரு குறை, ஒரு வீடு வேண்டும்.

1987இல் வாலியின் புது இதழ் தொடங்கியபோது முதல் கதையில் அவனுக்குக் கிடைத்த வேலை, மாற்று அறுவைக்கு ஓர் இதயத்தை நாட்டின் மறுகோடிக்கு ஓடிக் கொண்டுபோவது. பாரியைவிட வேகம் குறைவு. ஓட ஓடப் பசிக்கிறது. செய்யும் வேலைக்கு அவன் கேட்பது மருத்துவக் காப்பீடு. இருபது வயதுப் பையன் ஒருவன் உண்மையில் கேட்கக்கூடியது. அந்த ஒரு கோரிக்கையில் அவன் பாரியிடமிருந்து பிரிந்து தனி ஆளாகிவிட்டான்.

கமலா கான் இன்னும் நல்ல பாடம். 2014இல், கரோல் டான்வர்ஸ் முன்பு வைத்திருந்த மிஸ் மார்வெல் என்ற பெயரை ஏற்ற ஜெர்சி சிட்டிப் பெண், பாகிஸ்தானிலிருந்து குடியேறிய குடும்பம். சக்தி கிடைத்ததும் முதலில் தன்னை அறியாமலேயே பொன்னிறத் தலைமுடியோடு, கரோலின் பழைய உடையில், கரோலைப் போலவே மாறிவிடுகிறாள். பிறகு தன் புர்கினியை (உடல் மூடும் நீச்சலுடை) வைத்துத் தனக்கென ஓர் உடை செய்துகொள்கிறாள். முந்தையவரைப் போல ஆக முயன்று, அது பொருந்தாமல், தன் வீட்டு அலமாரியிலிருந்தே தனக்கானதை எடுப்பது. அந்தத் தொகுப்பு 2015இல் ஹியூகோ விருது பெற்றது.

அளவு வித்தியாசத்தை ஓவியரிடம் சொல்லிவிடுங்கள். எங்கள் புது ஓவியர் முதல் ஆறு பக்கத்தில் பழைய நாயகனின் முகமூடியை அப்படியே அவளுக்கு மாட்டியிருந்தார். அவருடைய தலைக்குச் செய்த முகமூடி இவளுக்குக் கண்ணை மறைக்கும். அதையே கதையாக்கினோம். முதல் இரவு முழுக்க முகமூடியைப் பின்பக்கம் ஊக்குக் குத்திக்கொண்டு ஓடுகிறாள். கடிதம் எழுதியவர்களில் பாதிப்பேர் அந்த ஊக்கைப் பற்றித்தான் எழுதினார்கள்.

8. சந்தாதாரரும் கடைக்காரரும்

கைமாறும் இதழுக்கு ஓர் இதழ் முன்பாக ஒரு பக்கக் கடிதம் போடுங்கள். அதில் நான்கே விஷயம்: எந்த இதழில் மாற்றம், பழைய நாயகன் என்ன ஆவார் (கதை வெளியாகாத அளவுக்கு), சந்தா அப்படியே தொடரும், வேண்டாம் என்பவர்களுக்கு மீதி இதழ்களுக்கான பணம் எந்தத் தேதிக்குள் திரும்பும். நாங்கள் இந்தக் கடிதத்தைப் போடவில்லை. கதையின் அதிர்ச்சி போய்விடும் என்று பயந்தோம். சொல்லாமல் ஆளை மாற்றியதால் 43 பேர் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். அவர்களில் பலருக்குப் புது நாயகி மேல் கோபமே இல்லை. சொல்லாததுதான் வருத்தம். தாமதமாக எழுதிய கடிதத்துக்குப் பிறகு பாதிப்பேர் திரும்பி வந்தார்கள்.

கடைக்காரருக்குப் பழைய தொகுப்பு எத்தனை மீதி இருக்கிறது என்று கேளுங்கள். வாரிசு வந்ததும் பழைய கதைகளைத் தேடி வருவார்கள். அப்போது கையில் பிரதி இருக்க வேண்டும். மறுபதிப்புப் போடுவதாக இருந்தால், 2ஆம் படியின் ஒப்பந்தத்தில் மறுபதிப்பும் இருக்கிறதா என்று பாருங்கள்.

9. மொத்தக் காலமும் செலவும்

ஜனவரியில் சென்னைப் புத்தகக் கண்காட்சியில் முகமூடி கைமாறும் இதழ் வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். முந்தைய டிசம்பர் முதல் வாரத்துக்குள் அச்சகத்துக்குப் போக வேண்டும், ஏனென்றால் அந்த மாதத்தில் எல்லோரும் அச்சகத்தில்தான் நிற்பார்கள். அக்டோபரில் ஓவியம் முடிய வேண்டும். சந்தாதாரருக்கான கடிதம் கைமாறும் இதழுக்கு முந்தைய இதழில். வாரிசு கதைக்குள் நுழைவது மே மாதம். வணிகக்குறி விண்ணப்பம் அதற்கு முந்தைய ஜனவரி. ஒப்பந்தம் அதற்கு மூன்று மாதம் முன்பு, அக்டோபர். ஆக 15 மாதம். ஓவியர் வெளிநாட்டில் இருந்தால் இன்னும் மூன்று மாதம் சேருங்கள்.

அரசுக் கட்டணம் பெரிதில்லை. பெயருக்கு இரண்டு வகுப்பு ரூ.9,000, இரண்டு மூன்று பதிப்புரிமைப் பதிவு, அவ்வளவுதான். வக்கீல் கட்டணம் ஊருக்கு ஊர் மாறும். ஒப்பந்தத்துக்கும் விண்ணப்பத்துக்கும் தனித்தனியாக, முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பெரிய செலவு பழைய ஓவியருக்குத் தருவது. அதில் பேரம் பேசாதீர்கள். ஒருமுறைத் தொகை தர முடியாவிட்டால் விற்கும் பிரதிக்கு ஒரு பங்கு என்று வையுங்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை விற்பனைக் கணக்கையும் அவருக்கு அனுப்புங்கள்.

எல்லாம் முடிந்ததும் ஒரு கோப்பு போடுங்கள். கையெழுத்தான ஒப்பந்தம், 1ஆம் படியில் எழுதிய தாள், விண்ணப்ப எண்களும் அடுத்த கெடு தேதிகளும், பழைய உடையின் முன்பக்க, பின்பக்க வரைபடம், கைமாறிய இதழின் மூலப் பக்கங்கள். இரண்டு நகல் எடுத்து, ஒன்றைப் பழைய ஓவியருக்கு அனுப்பிவிடுங்கள். எங்கள் நண்பர் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு இரவு பத்தரைக்குக் கூப்பிட்டார். முகமூடியின் பின்பக்கத்தில் ஊக்குக்குப் பதில் ஒரு நாடா வைத்தால் நன்றாக இருக்கும் என்றார். அடுத்த இதழில் நாடாதான் வருகிறது, அவரே வரைந்தது.